ஆயிரம் டாலருக்கு எந்தக் காலனிக் காசு?

போன மாதம் நியூ ஜெர்சி எடிசனில் ஒரு பிறந்தநாள் விருந்து. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நிற்கும்போது மதுரைக்காரத் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்தார். நான் பழைய காசு சேர்ப்பவன் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "அண்ணே, ஆயிரம் டாலர் எடுத்து வச்சிருக்கேன். இந்த நாடு சுதந்திரம் வாங்குறதுக்கு முந்தின காசு ஒண்ணு வாங்கணும். அந்த பைன் மரம் போட்ட ஷில்லிங் வாங்கிடலாமா?" என்றார்.

யோசிக்காமல் "வேண்டாம்" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டதால் காரணம் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால் காரணம் ஒரு வரியில் அடங்குவதாகவும் இல்லை. அவரைப் போல இன்னும் நாலு பேருக்கு இந்தக் கேள்வி இருக்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "காலனிக் காசு" என்று சேகரிப்பாளர்கள் சொல்வது 1776-க்கு முந்தியதை மட்டும் அல்ல. பிலடெல்பியாவில் கூட்டரசின் நாணயச்சாலைக்கு 1792-இல் சட்டம் வந்தது; மறு வருடம் அதன் செப்புக்காசுகள் வெளியே வந்தன. அதுவரை இந்த மண்ணில் புழங்கியது எல்லாமே அந்தப் பெயருக்குள் வந்துவிடும். கூடவே அடுத்த சில வருடங்களின் கடை டோக்கன்களும். ஏன் இத்தனை வகை என்றால், இங்கே எப்போதும் காசுப் பஞ்சம். நாணயம் அடிப்பது அரசரின் உரிமை. லண்டன் அந்த உரிமையைக் காலனிகளுக்குக் கொடுக்கவும் இல்லை, போதுமான காசை அனுப்பவும் இல்லை. வர்ஜீனியாவில் புகையிலையைக் கொடுத்துக் கடனை அடைத்தார்கள். நியூ இங்கிலாந்தில் சிப்பியில் செய்த வாம்பம் மணிகள் கொஞ்ச காலம் சட்டப்படியே பணமாக இருந்தன. உருண்டையாக, உலோகமாக, எடையாக எது கையில் வந்தாலும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அந்த அவலம்தான் இன்று நமக்குத் தேர்ந்தெடுக்க இத்தனை சாமான்களை விட்டுவைத்திருக்கிறது.

பைன் மர ஷில்லிங்

தம்பி ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. 1652-இல் மாசசூசெட்ஸ் காலனி லண்டனைக் கேட்காமலேயே பாஸ்டனில் ஒரு நாணயச்சாலை திறந்தது. ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற இரண்டு பேரிடம் பொறுப்பு. முதலில் வந்த காசில் ஒரு பக்கம் இரண்டு எழுத்து, மறுபக்கம் மதிப்பு, அவ்வளவுதான். அதன் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளியைத் திருடுவது சுலபமாகப் போனதால் மரம் வந்தது: வில்லோ, பிறகு ஓக், கடைசியில் பைன். ஆங்கிலேய ஷில்லிங் 6 கிராம் இருக்கும்; பாஸ்டன் ஷில்லிங்கை 72 கிரெய்ன், அதாவது 4.67 கிராம் என்று வேண்டுமென்றே குறைத்தார்கள். எடை குறைந்த காசை வெளியூர் வியாபாரி அள்ளிக்கொண்டு போகமாட்டான், ஊரிலேயே தங்கும் என்ற கணக்கு.

1682 வரை முப்பது வருடம் அடித்தார்கள். ஆனால் காசில் வருடம் மட்டும் 1652-ஐத் தாண்டவில்லை. 1662 என்று போட்ட ஓக் மர இரண்டு பென்ஸ் ஒன்றுதான் விதிவிலக்கு. 1652-இல் இங்கிலாந்தில் அரசரே இல்லை. அரசர் திரும்பி வந்த பிறகும் பழைய வருடத்தையே போட்டால் "இது அப்போது அடித்தது" என்று சாதித்துவிடலாம் என்று நினைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் விளக்கம். (ஒரு சின்னக் கொசுறு: பின்னாளில் நம் சென்னைக் கோட்டைக்கு கவர்னராக வந்த எலிஹு யேல் பிறந்ததும் இதே பாஸ்டனில்தான், 1649-இல். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கப்பலேறிவிட்டது.)

கதை பிரமாதம். விலைதான் இடிக்கிறது. குறையில்லாமல், மரம் கண்ணுக்குத் தெரிகிற ஷில்லிங் என்றால் ஆயிரம் டாலர் ஆரம்பம்கூட இல்லை. ஆயிரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரம் கத்தரித்தது, ஓட்டை போட்டு அடைத்தது, வளைத்து நிமிர்த்தியது. அதுகூடப் பரவாயில்லை, ஒரு காலத்தில் யாரோ கழுத்தில் தொங்கவிட்ட காசு என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பெரிய தலைவலி போலி. இந்தக் காசுக்குப் போலி இன்று நேற்று வந்ததல்ல. 1856-லேயே தாமஸ் வயட் என்பவர் நியூயார்க்கில் புது அச்சு வெட்டி, புதையலில் கிடைத்தது என்று சொல்லி விற்றுவிட்டார். அதற்குப் பிறகு வார்ப்புப் போலிகள், அருங்காட்சியகக் கடை நினைவுப்பொருள்கள் என்று வரிசை நீள்கிறது. 1973-இல் வந்த சட்டப்படி நகல் காசில் 'நகல்' என்று பொறித்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் செய்ததில் அந்த வார்த்தை இருக்காது; அப்புறம் செய்ததில் சுரண்டி எடுத்திருப்பார்கள்.

முதல் காசாக இதை வாங்குபவர் முழுக்க முழுக்க அடுத்தவர் கண்ணை நம்பி வாங்குகிறார். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் சோதித்து பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுத்த காசாக இருந்தால் பணத்துக்கு மோசமில்லை. ஆனால் அந்தப் பெட்டியை அலமாரியில் வைத்த பிறகு என்ன செய்வது? அடுத்ததை வாங்க இன்னும் இரண்டு வருடம் காசு சேர்க்க வேண்டும். அதுவரை நீங்கள் கற்றுக்கொண்டது ஒன்றும் இருக்காது. என் "வேண்டாம்" இதற்குத்தான்.

கப்பலில் வந்தவை

இரண்டாவது வழி, இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ அடித்து இங்கே கொண்டுவந்த காசுகள். இதில் நான் யாருக்கும் தயங்காமல் சொல்வது 1773-ஆம் வருட வர்ஜீனியா அரைப் பென்னி. லண்டன் கோபுரத்தில் இருந்த அரச நாணயச்சாலையிலேயே முறையாக அடித்த காசு. ஒரு பக்கம் மூன்றாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம். கிரீடம் நடுவில் புகுந்து வர்ஜீனியா என்ற பெயரை இரண்டாகப் பிளந்திருக்கும். 1774-இல் சரக்கு வந்து இறங்கியது. அரசாணை கையில் வராமல் விநியோகிக்க மாட்டேன் என்று காலனியின் பொருளாளர் பெட்டியைப் பூட்டிவிட்டார். அடுத்த வருடம் காசு வெளியே வந்தது, கூடவே சுதந்திரப் போரும் வந்தது. ஜனங்கள் செம்பைப் பதுக்கிக்கொண்டார்கள்.

அந்தத் தாமதம் நமக்கு லாபம். பின்னாளில் பால்டிமோரைச் சேர்ந்த மெண்டிஸ் கோஹன் என்ற சேகரிப்பாளரிடம் ஆயிரக்கணக்கில் புழங்காத காசுகள் சேர்ந்திருந்தன. அவை மெல்ல மெல்லச் சந்தைக்கு வந்ததால், 250 வருடத்துக்கு முந்திய காசு ஒன்று புத்தம்புதுச் செம்பு நிறம் அங்கங்கே மின்ன, சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. காலனி காலத்துச் செம்பில் இந்தத் தரத்துக்கு இந்த விலை வேறு எதிலும் கிடையாது. "எனக்கு ஒரே ஒரு காசு போதும், வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்ட வேண்டும், இரண்டாவது வாங்கும் எண்ணமே இல்லை" என்றால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு வர்ஜீனியா வாங்கிக்கொள்ளுங்கள்.

வில்லியம் வுட் என்பவரின் காசுகள் வேறு ரகம். 1722-இல் அவர் கையில் காசு அடிக்க இரண்டு உரிமங்கள் இருந்தன. அயர்லாந்துக்கான உரிமத்தை முதலில் வாங்கியது முதலாம் ஜார்ஜின் ஆசைநாயகி. அவரிடமிருந்து பத்தாயிரம் பவுண்டு கொடுத்து வுட் வாங்கினார். போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே என்று எல்லாருக்கும் சந்தேகம். ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு துணிக்கடைக்காரர் பெயரில் கடிதம் கடிதமாக எழுதி அயர்லாந்தையே கிளப்பிவிட்டார். உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. யாழ் ஏந்திய பெண் உருவம் போட்ட அந்த 'ஹைபர்னியா' காசுகளில் ஒரு பகுதி அமெரிக்காவிலும் வந்து புழங்கியது. அழகான காசு, விலையும் மலிவு. ஆனால் அதே காசை அயர்லாந்துக் காசு என்று விற்பவர் ஒரு விலையும் அமெரிக்கக் காலனிக் காசு என்று விற்பவர் இன்னொரு விலையும் சொல்வார். முன்னவரிடம் வாங்குங்கள்.

அமெரிக்காவுக்கென்றே வுட் அடித்தது 'ரோசா அமெரிக்கானா'. ரோஜாப்பூ போட்ட காசு. செம்போடு துத்தநாகமும் துளி வெள்ளியும் கலந்த பாத் மெட்டல் என்ற உலோகம், தகட்டைச் சூடாக்கி அடித்தது. அதனால் பிறக்கும்போதே மேல்தோல் கொப்புளமும் குழியுமாக இருக்கும். எடையும் குறைவு என்று காலனிக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். குழி விழுந்த காசில் எது பிறவிக் குழி, எது மண்ணில் கிடந்து அரித்தது, எது வார்ப்புப் போலியின் குழி என்று பிரித்துப் பார்க்க எனக்கே இன்னும் தடுமாற்றம்தான். புதியவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

வெள்ளி வேண்டும் என்றால் ஸ்பெயின்

காலனிகளில் உண்மையிலேயே கை மாறிய வெள்ளி எது என்று கேட்டால், பெரும்பாலும் மெக்சிகோவிலும் பெருவிலும் அடித்த ஸ்பானிய ரியால்கள். இரண்டு உலகங்கள், இரண்டு தூண்கள், கீழே கடலலை போட்ட எட்டு ரியால் 1732 முதல் 1772 வரை மெக்சிகோவில் வந்தது. டாலர் என்ற அளவே இதிலிருந்து எடுத்ததுதான். 1857 வரை அமெரிக்காவில் இது சட்டப்படி செல்லும் காசு. நம் பக்கமும் இது அந்நியமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் மெட்ராஸ் வரை வந்து இறங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் நாணயச்சாலை கோபுரம் போட்ட அரை வராகனை இந்த ஸ்பானிய டாலர்களின் மேலேயே அடித்தது. சில அரை வராகன்களில் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய எழுத்து இன்னும் தெரியும்.

சேகரிப்பாளர்கள் இதைக் காலனிக் காசு என்று முழு மனதோடு ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு அது வீம்பாகவே படுகிறது. பாஸ்டனில் ரொட்டி வாங்கியவன் கையில் இருந்தது இதுதானே. தூண் போட்ட இரண்டு ரியால், தேய்ந்த நிலையில், நூறு டாலருக்குள்ளேயே கிடைக்கும். எட்டு ரியாலில் சீனப் போலிகள் ஏராளம் என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். சின்னதில் போலி செய்ய அவ்வளவு பேர் மெனக்கெடுவதில்லை.

ராவேயில் அடித்த குதிரைத் தலை

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். மெட்ரோபார்க்கில் ஏறி தினமும் நியூயார்க் போகும் நம்மவர்களுக்கு அடுத்த ஸ்டேஷன் ராவே என்று தூக்கத்திலும் தெரியும். அந்த ராவேயில், டேனியல் மார்ஷ் என்பவரின் மாவு மில்லில்தான் நியூ ஜெர்சியின் செப்புக்காசை அடித்தார்கள். இரண்டு ஸ்டேஷன் தள்ளி எலிசபெத், அங்கேயும் அடித்திருக்கிறார்கள். மூன்றாவது இடம் மாரிஸ்டவுன்.

போர் முடிந்து, கூட்டரசுக்கு இன்னும் நாணயச்சாலை இல்லாத இடைவெளி. 1786 ஜூனில் நியூ ஜெர்சி சட்டமன்றம் முப்பது லட்சம் செப்புக்காசு அடிக்க மூன்று பேருக்கு ஒப்பந்தம் கொடுத்தது: தாமஸ் காட்ஸ்பி, ஆல்பியன் காக்ஸ், வால்டர் மோல்ட். ஒரு காசு 150 கிரெய்ன், அதாவது 9.7 கிராம், 15 காசுக்கு ஒரு ஷில்லிங், அடித்ததில் பத்தில் ஒரு பங்கு மாநிலத்துக்கு. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே பங்காளிகளுக்கு ஒத்துவராமல், இருபது லட்சம் உனக்கு, பத்து லட்சம் எனக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

காசில் ஒரு பக்கம் குதிரைத் தலை, அதன் கீழே கலப்பை, சுற்றிலும் 'நோவா சீசரியா' என்று நியூ ஜெர்சியின் லத்தீன் பெயர். மறுபக்கம் கேடயம், 'ஈ ப்ளூரிபஸ் ஊனம்' (பலவற்றிலிருந்து ஒன்று) என்ற லத்தீன் வாசகம். பின்னாளில் நாட்டின் எல்லாக் காசிலும் ஏறப்போகும் அந்த வாசகத்தை ஆரம்பத்திலேயே சுமந்த காசுகளில் இது ஒன்று. அச்சு ஒவ்வொன்றையும் கையால் வெட்டியதால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல இருக்காது. ஒரு குதிரைக்குப் பிடரி பின்னலாக இருக்கும், ஒன்றுக்கு மூக்கு ஒட்டகம் மாதிரி. கலப்பையின் ஏர்க்கால் ஒன்றில் நேர், இன்னொன்றில் வளைவு. ஓர் அச்சில் 'ப்ளூரிபஸ்' என்ற சொல்லில் ஓர் எழுத்தையே விழுங்கிவிட்டார்கள். 1788-இல் ஒரு குதிரை திடீரென்று இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறது. வாசகத்துக்கு நடுவே குட்டி நரி ஓடுகிற காசும் உண்டு.

இதையெல்லாம் முதலில் வரிசைப்படுத்தியவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மாரிஸ், 1881-இல். குதிரைப் பக்கத்துக்கு எண், கேடயப் பக்கத்துக்கு எழுத்து. இன்றும் அந்த முறைதான். "என்னிடம் 56-என் இருக்கிறது" என்றால் காசுக் கண்காட்சியில் கடை போட்டிருக்கும் எதிர் மேசைக்காரர் "ஒட்டகமா?" என்று கேட்பார்.

என் வாதம் இங்கேதான் இருக்கிறது. சாதாரண ரகம், தேய்ந்திருந்தாலும் குதிரையும் கலப்பையும் வருடமும் தெளிவாகத் தெரிகிற நியூ ஜெர்சி காசு நூறு, நூற்றைம்பது டாலருக்குக் கிடைக்கிறது. தம்பியின் ஆயிரத்துக்கு ஆறேழு வாங்கலாம். ஆறேழு காசை மேசையில் பரப்பி, பக்கத்தில் பத்து மடங்கு லென்ஸும் கிராமில் இரண்டு தசம இடம் வரை காட்டும் சின்னத் தராசும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்தால், அச்சில் அடித்த எழுத்தின் ஓரம் எப்படி இருக்கும், வார்த்த எழுத்தின் ஓரம் எப்படி மழுங்கியிருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். அந்தக் கண் வந்த பிறகு பைன் மரத்தை யாரிடமும் கேட்காமல் பார்க்கலாம். ஒற்றை ஷில்லிங்கை வைத்துக்கொண்டு இதைக் கற்க வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டுமே.

குறை இல்லாமல் இல்லை. மட்டமான செம்பு, அவசரத்தில் அடித்த தகடு. வயலில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தோண்டி எடுத்தவை நிறைய. அவை கறுத்து, சொரசொரவென்று, சில இடத்தில் பச்சைக் களிம்பு ஏறி இருக்கும். வர்ஜீனியாவின் பக்கத்தில் வைத்தால் கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் களை பறித்துவிட்டு வந்தவர் நிற்கிற மாதிரி. எனக்குக் களை பறித்தவரைத்தான் பிடிக்கிறது.

கனெக்டிகட் காசு இதைவிட மலிவு, ரகங்களும் முந்நூறுக்கு மேல். அதனாலேயே புதியவருக்கு வேண்டாம் என்பேன். ஒரு ரகத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் வாசகத்துக்கு நடுவே உள்ள புள்ளியா, சிலுவையா, பூவா என்பதில் இருக்கும். பாதிக் காசுகளில் அந்த இடமே சரியாக விழுந்திருக்காது. நான் ஒரு குளிர்காலம் முழுக்க ஐந்து காசோடு மல்லுக்கட்டி, இரண்டுக்குத்தான் பெயர் கண்டுபிடித்தேன். வெர்மான்ட் நேர் எதிர். 1791-இல் ஒன்றியத்தில் சேரும் வரை அது தனிக் குடியரசு. 1785, 86-ஆம் வருடக் காசுகளில் மலை, மரங்கள், எட்டிப் பார்க்கும் சூரியன், கலப்பை, 'பதினான்காவது நட்சத்திரம்' என்ற வாசகம். இந்த வரிசையிலேயே கண்ணுக்கு அழகு இதுதான், விலையும் அதற்கேற்ப. மாசசூசெட்ஸ் 1787, 88-இல் அடித்தது, அமெரிக்காவில் 'சென்ட்' என்ற பெயரைச் சுமந்து முதலில் புழங்கிய காசு. அடிக்கும் செலவு காசின் மதிப்பை மிஞ்சியதால் கடையை மூடிவிட்டார்கள்.

ஃபூஜியோ சென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1787-இல் காங்கிரஸே ஒப்பந்தம் போட்டு வெளியிட்டது. சூரியக் கடிகாரம், 'உன் வேலையைப் பார்' என்ற கட்டளை, மறுபக்கம் சங்கிலியாகப் பின்னிய பதின்மூன்று வளையங்கள். ஒப்பந்தக்காரர் ஜேம்ஸ் ஜார்விஸ் முந்நூறு டன் அடிக்க வேண்டியவர். நாலு லட்சம் காசோடு கையை விரித்துவிட்டார். பாங்க் ஆஃப் நியூயார்க்கில் ஒரு சிறு பீப்பாய் நிறையப் புழங்காத ஃபூஜியோ கிடந்ததால் நல்ல காசுகள் இன்றும் வருகின்றன. நானூறு, ஐந்நூறு செலவழிக்கத் தயார் என்றால் நல்ல தேர்வு. 1860 வாக்கில் புது அச்சு வெட்டி அடித்தவற்றை 'நியூ ஹேவன் மறு அடிப்பு' என்று விற்பார்கள். அது வேறு சரக்கு, அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

டோக்கன்களில் எனக்குப் பிடித்தது டால்பட், ஆலம், லீ என்ற நியூயார்க் கடைக்காரர்கள் 1794, 95-இல் வெளியிட்டது. இந்தியாவோடு வணிகம் செய்தவர்கள். ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் சுதந்திர தேவி. கடைசியில் பிலடெல்பியா நாணயச்சாலையே இந்த டோக்கன்களை மொத்தமாக வாங்கி, வெட்டி, அரை சென்ட் அடிக்கத் தகடாகப் பயன்படுத்தியது. கடை டோக்கன் அரசாங்கக் காசாகப் பதவி உயர்வு பெற்ற கதை. நல்ல நிலையில் உள்ளதே இருநூறு, முந்நூறுக்குள் முடிந்துவிடும்.

புளி

எந்தக் காசாக இருந்தாலும் தேய்மானத்தை மன்னிக்கலாம், தேய்த்ததை மன்னிக்கக் கூடாது. இதை நான் விலை கொடுத்துக் கற்றேன்.

அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்த சமயம். 1786-ஆம் வருட நியூ ஜெர்சி காசு ஒன்றை வாங்கி வந்து, அடுக்களை மேடையில் ஒரு சாஸரில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். நல்ல சாக்லேட் நிறம், குதிரையின் கண்கூடத் தெரியும். சாயங்காலம் வந்து பார்த்தால் சாஸரில் வேறு காசு. புதிதாக விளக்கிய குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஒரு ரோஸ் நிறம். "செம்பு காசு கறுத்துப் போய்க் கெடந்துச்சுடா, புளியும் உப்பும் போட்டு விளக்கி வச்சேன்" என்றார் அம்மா, பெருமையாக. இருநூற்றுச் சொச்சம் வருடம் படிந்த தோல் ஐந்து நிமிடத்தில் சிங்க் வழியாகப் போய்விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, "நல்லா இருக்கும்மா" என்றேன். அடுத்த கண்காட்சியில், அதை எனக்கு விற்ற மேசைக்காரரிடமே காட்டினேன். லென்ஸை எடுக்கக்கூட இல்லை, தூரத்திலிருந்தே உதட்டைப் பிதுக்கினார். வாங்கிய விலையில் பாதிதான் தருவேன் என்றார். நான் விற்கவில்லை. அது இப்போதும் என்னிடம் இருக்கிறது, மாரிஸ் எண்ணுக்குப் பதிலாக 'அம்மா' என்று எழுதிய உறையில்.

ஆகவே கறுத்த காசைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இயற்கைக்கு மாறாகச் சிவந்த காசைப் பார்த்துச் சந்தேகப்படுங்கள். எழுத்துகள் மட்டும் கூர்மையாகவும் சுற்றிலும் உள்ள பரப்பு வழவழவென்றும் இருந்தால், யாரோ ஊசியால் செதுக்கிச் 'சரி' செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய பிவிசி உறைகளில் காசை வைக்க வேண்டாம், ஒட்டுகிற மாதிரி ஒரு பச்சைப் பிசுக்கு வந்துவிடும். ஏலத்தில் எடுக்கிறவர்கள், கேட்ட விலைக்கு மேல் 20 சதவீதமோ அதற்கும் மேலோ ஏலக்காரர் கட்டணம் சேரும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் செய்வது, கண்காட்சிக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது. பெட்டியில் அடைக்காத காசின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்கலாம். வார்ப்புப் போலியின் இணைப்புக்கோடு ஓரத்தில்தான் தெரியும்.

தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது: ஒரு தூண் போட்ட இரண்டு ரியால், ஓர் ஹைபர்னியா, மூன்று நியூ ஜெர்சி காசு. மீதி முந்நூறு நானூறை உடனே செலவழிக்காமல், மூன்று மாதம் கழித்து எந்தக் காசை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் போட வேண்டும். அவர் பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. ஹைபர்னியா "ஐரிஷ்காரன் காசு எனக்கு எதுக்குண்ணே" என்று தள்ளிப் போய்விட்டது. ரியால் வாங்கினார். போன ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் நூற்று நாற்பது டாலருக்கு ஓர் ஒட்டகத் தலை வாங்கினார், 1787 என்று வருடம் போட்டது.

அன்று ராத்திரி பத்தரைக்கு போன் வந்தது. "அண்ணே, ஏமாந்துட்டேன் போல இருக்கு. கேடயத்துக்குப் பக்கத்துல வேற ஏதோ எழுத்து தெரியுது. நியூ ஜெர்சி காசுல இருக்க வேண்டிய எழுத்தே இல்ல." படம் அனுப்பச் சொன்னேன். லென்ஸ் வழியாக எடுத்த படம், கொஞ்சம் கலங்கல். கேடயத்தின் ஓரத்தில், மங்கலாக, தலைகீழாக, 'ஆக்டோரி' என்ற சொல்லின் பாதி.

கனெக்டிகட் காசின் வாசகம் அது. 1789-இல் நியூயார்க்கில் செப்புக்காசின் மதிப்பு சரிந்து, கண்ட காசும் செல்லாக்காசு ஆனபோது நியூ ஜெர்சி காசுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருந்தது. மலிந்து கிடந்த கனெக்டிகட் காசுகளை வாங்கி, அதன் மேலேயே குதிரைத் தலையை அடித்துக் கூடுதல் மதிப்புக்குத் தள்ளிவிட்டார்கள். ஒட்டகத் தலை ரகத்தில் இது நிறையவே உண்டு.

"ஏமாறல தம்பி. ஒரு காசு விலைக்கு ரெண்டு காசு வாங்கியிருக்கீங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணே, அடியில இருக்குறது எந்த ரகம்னு கண்டுபிடிக்க முடியுமா?"